பெயரைக் கேட்டதும் இல்லாமற்போன வேலை

ஆள் தேவை என்று கேட்டுத்தான் போகின்றார்கள். கட்டடம் அரைவாசியில் நிற்கின்றது. வயறிங் தெரிந்தவர்களுக்கும் ஓடாவிமாருக்கும் தட்டுப்பாடு. கொந்தராத்துக்காரர் "திங்கட்கிழமையே வாரும்" என்கின்றார். பெயர், பிறந்த திகதி, காப்புறுதி இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு மனிதர் சந்தோசமாக வீடு வருகின்றார். மறுநாள் தொலைபேசி வருகின்றது. "ஆட்கள் நிரம்பிவிட்டார்கள், மன்னிக்கவும்." அந்த வேலைக்கே அவரிலும் அனுபவம் குறைந்த அயல்வீட்டுக்காரர் அடுத்த கிழமை போகின்றார். இப்படி ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பத்து வருடம், பதினைந்து வருடம் தொடர்ந்து நடந்தால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும்?

சகோதரிகளே, இது பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான கட்டடத் தொழிலாளர்களின் வீடுகளில் நடந்தது. சட்டமும் நீதிமன்றமும் பாராளுமன்றமும் ஒழுங்காக இயங்கும் நாடு என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் அதே நாட்டில்தான். அவர்களில் பலர் செய்த குற்றம், வேலைத்தளத்தில் ஆபத்து இருக்கின்றது என்று வாய்திறந்து சொன்னது மாத்திரமே.

2009 பெப்ரவரி 23ஆம் திகதி, தனிப்பட்டோர் பற்றிய தகவல்களைப் பாதுகாக்கும் பொறுப்பிலுள்ள அந்நாட்டுத் தகவல் ஆணையாளரின் உத்தியோகத்தர்கள், ட்றொயிற்விச் என்னும் சிறு நகரத்தில் ஓர் அலுவலகத்தைச் சோதனையிட்டனர். "கொன்சல்ற்றிங் அசோசியேசன்" என்பது அதன் பெயர். அந்தப் பெயரைக் கொண்டு உள்ளே என்ன நடக்கின்றது என்று எவரும் ஊகிக்க முடியாது. அங்கே 3,213 பேரின் பெயர்கள் அட்டைகளில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயரின் கீழும் அந்த ஆள் எங்கே வேலை செய்தார், எந்தச் சங்கத்தில் இருக்கின்றார், என்ன முறைப்பாடு செய்தார், யாருடன் பழகுகின்றார் என்ற குறிப்புகள். சிலருக்கு ஒரு வரி. சிலருக்குப் பக்கம் பக்கமாக.

வேலை நடந்த விதம் மிகவும் எளிது. கம்பனிகள் ஆண்டுச் சந்தாவாக 3,000 பவுண் செலுத்தின. புதிதாக ஆள் எடுக்கும்போது பெயர்களைத் தொலைபேசியிலோ தொலைநகலிலோ அனுப்பின. ஒரு பெயரைத் தேடிப் பார்க்க 2 பவுண் 20 பென்ஸ் கட்டணம். பெயர் பட்டியலில் இருந்தால் அந்த ஆளுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்க 2 பவுண் 20 பென்ஸ் போதுமாக இருந்தது.

இந்தச் சேவையைப் பயன்படுத்தியவை 40க்கும் மேற்பட்ட கம்பனிகள். தெருவோரக் கொந்தராத்துக்காரர் அல்லர், பெரிய கம்பனிகள். பல்ஃபோர் பீற்றி, காரில்லியன், கொஸ்ரெயின், கியர், லெயிங் ஓறூர்க், சேர் றொபேட் மக்கல்பைன், ஸ்கன்ஸ்காவின் பிரித்தானியக் கம்பனி, வின்சி ஆகிய எட்டும் பின்னர் நீதிமன்றத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவை. இவற்றில் இரண்டு பெயர்கள் இந்த நாட்டிலும் கேட்ட பெயர்கள். மகாவலித் திட்டத்தில் விக்ரோரியா அணைக்கட்டைக் கட்டிய கம்பனிகளுள் ஒன்று பல்ஃபோர் பீற்றி. கொத்மலை அணையைக் கட்டியது சுவீடனின் ஸ்கன்ஸ்கா. அந்த அணைகளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. எங்கோ கண்காணாத தேசத்துச் சின்ன முதலாளிகளின் கதை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

பட்டியலின் வேர் இன்னும் பழையது. 1919இல் முதலாளிமார் சேர்ந்து "எக்கொனொமிக் லீக்" என்றோர் அமைப்பை உருவாக்கினார்கள். சங்கவாதிகளையும் இடதுசாரிகளையும் பற்றித் தகவல் திரட்டிக் கம்பனிகளுக்குக் கொடுப்பது அதன் தொழில். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதை அம்பலப்படுத்திய பின்னர் 1993இல் அது மூடப்பட்டது. மூடியது பெயர்ப்பலகையை மாத்திரம். கட்டடத் தொழில் சம்பந்தமான அட்டைகள் புதிய அலுவலகத்துக்கு இடம்மாறின. லீக்கில் வேலை பார்த்த இயன் கேர் என்பவரே அந்த அலுவலகத்தையும் நடத்தினார்.

அந்த அட்டைகளில் இருந்தவை எப்படிப்பட்ட குறிப்புகள்? நேரத்துக்கு வேலைக்கு வராதவர், தொந்தரவு தருவார், சங்கத்தில் ஊறியவர் என்று ஒருவரைப் பற்றி. முன்னாள் தொழிலாளர் பிரதிநிதி, நிச்சயம் பிரச்சினைதான் என்று இன்னொருவரைப் பற்றி. எழுதியது யார், சரியா பிழையா என்று எவரும் விசாரிக்கவில்லை. எழுதப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடமும் இல்லை. ஒரு மேற்பார்வையாளருக்கு ஒரு நாள் வந்த கோபம் ஒருவரின் அட்டையில் ஏறினால் அது அப்படியே கிடந்தது.

டேவ் சிமித் என்ற பொறியியலாளரின் கதை வெளியில் நன்கு தெரிந்தது. இவர் பின்னாளில் பத்திரிகையாளர் ஒருவருடன் சேர்ந்து இந்த விடயம் பற்றி ஒரு நூலே எழுதியவர். 1990களில் தம்முடைய சங்கத்தின் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருந்தார். வேலைத்தளத்தில் அஸ்பெஸ்ரஸ் கிடக்கின்றது என்றார். மலசலகூடம் நிரம்பி வழிகின்றது என்றார். இவற்றைச் சொல்வதுதான் பாதுகாப்புப் பிரதிநிதியின் கடமை. சட்டமே அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. அவருடைய கோப்பு 1992இல் தொடங்கி 36 பக்கங்களுக்கு நீண்டது. அதில் அவருடைய காரின் இலக்கம்கூட இருந்தது. கட்டடத் தொழில் ஓகோ என்று நடந்த காலத்தில், படித்துத் தகுதி பெற்ற அந்த மனிதருக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் தொழிலையே விட்டு, சங்க உறுப்பினர்களுக்குப் படிப்பிக்கும் ஆசிரியரானார்.

2012இல் அவர் தொழில் நியாய சபையில் வழக்குப் பேசினார். அவரைப் பட்டியலில் சேர்த்ததும், பாதுகாப்புப் பற்றிப் பேசிய சங்கக்காரர் என்பதற்காகவே சேர்த்ததும் உண்மை என்று எதிர்த்தரப்புக் கம்பனியே ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் அவர் தோற்றார். ஏன் தெரியுமா? ஆள்சேர்க்கும் முகவர் நிலையம் ஒன்றின் ஊடாக வேலைக்கு வந்தவர் என்பதால், சட்டத்தின் கண்ணில் அவர் அந்தக் கம்பனியின் ஊழியர் அல்லர். ஊழியர் அல்லாதவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. முகவர் மூலம் நாட்கூலிக்குப் போகின்றவர்கள், ஆடைத் தொழிற்சாலைக்குள் வேறொருவரின் பெயர்ப்பதிவில் நிற்பவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். சம்பளத் துண்டில் யாருடைய பெயர் இருக்கின்றது என்பது சின்ன விடயம் அல்ல.

பாதுகாப்பு என்றவுடன் தலைக்கவசமும் கையுறையும்தான் நமது நினைவுக்கு வருகின்றன. அந்த ஆண்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று பார்த்தால் அது வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். பிரித்தானியாவில் 2000-2001 என்ற ஒரே ஆண்டில் கட்டட வேலைத்தளங்களில் 105 தொழிலாளர்கள் விபத்தில் இறந்தார்கள். உயரத்திலிருந்து விழுந்து, மண் சரிந்து மூடி, இயந்திரத்தில் அகப்பட்டு. இது விபத்துக் கணக்கு மாத்திரம். அஸ்பெஸ்ரஸ் தூசியைச் சுவாசித்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அந்தத் தூசி நுரையீரலின் உறையில் புற்றுநோயாக வெளிப்பட 20 வருடமும் எடுக்கும், 40 வருடமும் எடுக்கும்.

அந்த நோயில் இறந்தவர்களில் பெண்களும் உண்டு. அவர்களிற் சிலர் ஒரு நாளும் வேலைத்தளத்துக்குப் போகாதவர்கள். கணவன் மாலையில் வீடு வந்ததும் அவருடைய தூசி படிந்த உடுப்பை உதறித் துவைத்தவர்கள். அப்பா வாசலில் நிற்கும்போதே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த பிள்ளைகளும் உண்டு. ஆகவே "இங்கே அஸ்பெஸ்ரஸ் இருக்கின்றது, முகமூடி தாருங்கள், இதை நனைத்துப் பக்குவமாக அகற்றுங்கள்" என்று ஒருவர் வேலைத்தளத்தில் கேட்டால், அவர் தன் மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் சேர்த்தே கேட்கின்றார். அப்படிக் கேட்டவரைத்தான் தொந்தரவுக்காரர் என்று அட்டையில் எழுதினார்கள். (இடையில் ஒரு சொல். நம்மில் எத்தனையோ பேர் சீற் போட்ட வீட்டில் இருக்கின்றோம். சீற் சும்மா கிடக்கும்போது பெரிதாக ஒன்றும் இல்லை. அதை வாளால் அறுக்கும்போதும், உடைத்து நொறுக்கும்போதும், காய்ந்த தும்புத்தடியால் கூட்டும்போதும்தான் தூசி எழுகின்றது. தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு செய்யுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். துணையை இழந்து தாங்களே மேசன் வேலைக்கு முட்டாளாக நிற்கும் சகோதரிகளுக்கும் இதையே சொல்கின்றேன்.)

இனி வீட்டுக்குள் நடந்ததற்கு வருவோம். பத்திரிகைகள் கம்பனிகளைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் நிறைய எழுதின. வீட்டைப் பற்றி எழுதியது குறைவு.

இந்தப் பட்டியலின் முழுப் பலமும் அது வெளியில் தெரியாமல் இருந்ததில்தான் தங்கியிருந்தது. "நீர் பாதுகாப்புப் பற்றிப் பேசினீர், அதனால் வேலை இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அந்த மனிதர் சங்கத்துக்குப் போயிருப்பார், வழக்குப் போட்டிருப்பார், மனைவியும் அவர் பக்கம் நின்றிருப்பார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் குற்றம் வீட்டுக்குள்ளேயே ஆளைத் தேடியது. மற்றவர்களுக்கெல்லாம் வேலை கிடைக்கின்றதே, உங்களுக்கு மாத்திரம் ஏன் கிடைக்கவில்லை என்று மனைவி கேட்கத்தானே செய்வாள்? அவள் கேட்டதில் பிழை இல்லை. கேட்கப்பட்டவருக்கும் பதில் தெரியாது. தனக்குத் தொழில் தெரியாதோ, தன்னில்தான் ஏதோ குறையோ என்று அவரே நம்பத் தொடங்குகின்றார். வீட்டுக்கடன் கட்ட முடியாமற் போனது பற்றியும், குடும்பங்கள் பிரிந்தது பற்றியும், மனம் உடைந்து போனது பற்றியும் பின்னாளில் இத்தொழிலாளர்கள் பகிரங்கமாகவே பேசினார்கள். பெண்கள் இரண்டு வேலை மூன்று வேலை செய்து வீட்டைத் தாங்கிய கதைகள் எந்த அட்டையிலும் இல்லை.

2009இல் பட்டியல் பிடிபட்ட பிறகும் உண்மை வீடு வீடாக வந்து சேரவில்லை. தமது பெயர் அதில் இருக்கின்றதா என்று தாமாகவே கேட்டு எழுதியவர்களுக்கே முதலில் பதில் கிடைத்தது. கேட்கத் தோன்றாதவர்கள் இன்னும் பல வருடம் அறியாமலே இருந்தார்கள். கேட்டவர்களின் கைக்கு ஒரு கடித உறை வந்தது, உள்ளே தமது பெயரிட்ட கோப்பின் பிரதி. அதை மேசையில் வைத்துக் கணவனும் மனைவியும் சேர்ந்து வாசித்த வீடுகளில், இவ்வளவு காலமும் யாரில் யார் குற்றம் சொன்னார்கள் என்ற கணக்கை எப்படித் தீர்த்துக்கொண்டார்களோ. சிலருடைய மணவாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

தண்டனை என்ன? அலுவலகத்தை நடத்திய கேருக்கு 2009இல் 5,000 பவுண் அபராதம். அதுகூடத் தகவல் வைத்திருப்பதைப் பதிவு செய்யாத குற்றத்துக்காக. பட்டியல் வைத்திருந்தது அன்று குற்றமே அல்ல. 1999இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டம், இத்தகைய பட்டியல்களைத் தடைசெய்ய ஒழுங்குவிதிகள் கொண்டுவர அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. 2003இல் அந்த விதிகளின் வரைவும் தயாரானது. ஆனால் இப்படி ஒரு பட்டியல் இப்போது நடைமுறையில் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி அரசாங்கம் அதை ஒதுக்கி வைத்தது. இரகசியமாக இருப்பதற்கு வெளிப்படையான ஆதாரம் கேட்டால் எங்கே போவது? அலுவலகம் பிடிபட்ட பின்னரே, 2010 மார்ச்சில், விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் கீழும் நட்டஈடு கேட்கலாமே தவிர எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது.

தொழிலாளர்கள் விடவில்லை. 2009இலேயே பாதிக்கப்பட்டோர் ஆதரவுக் குழு ஒன்றை அமைத்தார்கள். தொழிற்சங்கங்கள் உயர் நீதிமன்றம் சென்றன. 2016 மே மாதம், வழக்கு விசாரணை தொடங்க இருந்த நேரத்தில், அந்த எட்டுக் கம்பனிகளும் இணக்கத்துக்கு வந்தன. 771 பேருக்கு நட்டஈடு கிடைத்தது. யுனைற் என்ற ஒரு சங்கத்தின் 256 அங்கத்தவர்களுக்கு மாத்திரம் ஒரு கோடி பவுணுக்கு மேல். ஆளுக்கு 25,000 பவுண் தொடக்கம் 200,000 பவுண் வரை. காசு பெரிதாகத் தோன்றலாம். இருபது வருடச் சம்பளத்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். பட்டியலில் இருந்த 3,213 பேரில் 771ஐக் கழித்தும் பாருங்கள். பலர் அதற்கு முன்னரே இறந்துவிட்டார்கள்.

கம்பனிகளின் பங்கு இதுவரை. இன்னொரு கை இருந்தது. அந்தக் கை பொலிஸினுடையது.

கோப்புகளை வாசித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. சில குறிப்புகள் வேலைத்தளத்து மேற்பார்வையாளர் அறிந்திருக்கக்கூடியவை அல்ல. ஊர்வலத்தில் யார் யாருடன் நின்றார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பன கட்டடக் கம்பனிக்கு எப்படித் தெரியும்? 2008 நவம்பரில், தீவிரவாதத்தைக் கவனிக்க என்று அமைக்கப்பட்ட பொலிஸ் பிரிவொன்றின் அதிகாரி கம்பனிகளின் பிரதிநிதிகளைச் சந்தித்துப் பேசியதாகக் கேரே பின்னர் கூறினார். 2012இல் தொழிலாளர்கள் பொலிஸ் மீது முறைப்பாடு கொடுத்தனர். ஆறு வருடம் கழித்து, 2018 மார்ச்சில், லண்டன் மாநகரப் பொலிஸ் எழுத்தில் பதில் கொடுத்தது. விசேட பிரிவு உட்படப் பொலிஸார் பட்டியலுக்குத் தகவல் வழங்கினர் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகியுள்ளது என்பதே அந்தப் பதில். தன் பெயரில் எங்கோ ஒரு கோப்பு இருக்கின்றது என்ற எண்ணத்தோடு வாழ்வது எப்படிப்பட்டது என்று எமது வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1968 முதல் 2008 வரை லண்டன் பொலிஸில் மாறுவேட உளவாளிகளின் தனிப்பிரிவு ஒன்று இயங்கியது. அதன் ஆட்கள் பொய்ப்பெயர் எடுத்து, தாடியும் தலைமயிரும் வளர்த்து, வருடக்கணக்கில் சங்கங்களுக்குள்ளும் போராட்ட அமைப்புகளுக்குள்ளும் வாழ்ந்தனர். மார்க் ஜென்னர் என்ற பொலிஸ்காரர் 1995இல் மார்க் காசிடி என்ற பெயரில், ஓடாவியாக வேடமிட்டுப் புறப்பட்டார். கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்ந்தார். மறியலில் தொழிலாளர்களுடன் தோளோடு தோள் நின்றார். நின்றவர்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்.

அவர் ஒரு பெண்ணுடனும் வாழ்ந்தார். அலிசன் என்ற புனைபெயரால் அவரை அழைக்கின்றார்கள். ஆசிரியை. ஏறக்குறைய ஐந்து வருடம் ஒரே வீட்டில் குடும்பமாக இருந்தார்கள். அவருடைய உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கெல்லாம் அந்த மனிதர் போனார். பிள்ளை பெறுவது பற்றி இருவருக்கும் ஒத்துவராமல் மனநல ஆலோசகரிடமும் சேர்ந்தே போனார்கள். அந்த மனிதருக்கு ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது அலிசனுக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டில் ஒரு நாள் கடிதம் ஒன்றை எழுதி வைத்துவிட்டு ஆள் போய்விட்டார். ஓடாவி மார்க் காசிடி என்று ஒருவர் உலகத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் பெண்ணுக்கு வருடங்கள் பிடித்தன. சங்கத்துத் தோழர்களை வேவு பார்க்க வந்தவருக்கு அந்த வீடும் அந்தப் பெண்ணும் நம்பகமான ஒரு முகவரியாகப் பயன்பட்டிருக்கின்றன. அந்த மற்ற வீட்டில் இருந்த மனைவியையும் நினைத்துப் பார்க்கின்றேன். அவரைப் பற்றி எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அலிசன் 2013இல் பாராளுமன்றக் குழு முன்னிலையில் சாட்சியம் அளித்தார். 2015 நவம்பரில் லண்டன் பொலிஸ் அவரிடமும், இதேபோல் ஏமாற்றப்பட்ட வேறு ஆறு பெண்களிடமும் மன்னிப்புக் கேட்டது. அந்த உறவுகள் வஞ்சகமானவை, அந்தப் பெண்களின் மனித உரிமைகளை மீறியவை என்று பொலிஸ் தலைமையகமே ஏற்றுக்கொண்டது.

மாறுவேடப் பொலிஸ் பற்றி விசாரிக்கப் பகிரங்க விசாரணை ஆணைக்குழு ஒன்றும் 2015இலேயே அமைக்கப்பட்டது. அதன் இடைக்கால அறிக்கை 2023 யூனில் வெளிவந்தது. அந்த உளவுப் பிரிவு செய்த வேலைக்கும் கையாண்ட வழிமுறைகளுக்கும் நியாயம் இருக்கவில்லை, அதை ஆரம்ப காலத்திலேயே மூடியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நீதிபதி வந்திருந்தார். பட்டியலிடப்பட்ட தொழிலாளர்களின் ஆதரவுக் குழுவும் சில தொழிற்சங்கங்களும் அந்த விசாரணையில் தரப்பினராக ஏற்கப்பட்டன. ஏமாற்றப்பட்ட பெண்களும் அவர்களுடன் அதே மண்டபத்தில் இருந்தார்கள். இரு சாராரும் விசாரணையின் தொடக்கத்திலிருந்தே கேட்டுவந்தது ஒன்றைத்தான். தம்மைப் பற்றிப் பொலிஸ் எழுதி வைத்திருப்பதைத் தம் கையிலே தரும்படி.